மலையில் ஓர் இரவு: மும்பைக்காரர் முதுகுப்பையில் என்ன இருக்க வேண்டும்?

மும்பையிலிருந்து சஹ்யாத்ரி மலைக்கு முதல்முறை இரவு தங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை நினைத்துத்தான் பை கட்டுகிறார்கள். ஷூ, கைத்தடி, குளுக்கோஸ், கறுப்புக் கண்ணாடி என்று பகலுக்கான சாமான்களே பையை அடைத்துக்கொள்ளும். ஏற்றம் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மூச்சு வாங்கினால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். இரவு அப்படி விட்டுக்கொடுக்காது. டிசம்பரில் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் மேலே இருந்தாக வேண்டும்.

ஆகவே பை கட்டுவதை அதிகாலை மூன்று மணியிலிருந்து தொடங்குங்கள். அந்த நேரத்தில் முதுகுக்கு அடியில் என்ன இருக்கும், காதை எது மூடியிருக்கும், தாகம் எடுத்தால் கை எதைத் தேடும், வயிற்றைக் கலக்கினால் எதை எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? இவற்றுக்குப் பதிலாக அமையும் பொருள்கள் முதலில் உள்ளே போகட்டும். மிச்சமிருக்கும் இடமும் எடையும்தான் ஏற்றத்துக்கு.

மலையும் மாதமும் முதலில்

உதாரணத்துக்கு ஹரிச்சந்திரகட் கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். உயரம் 1,424 மீட்டர். கல்யாணிலிருந்து ஆளேபாட்டா போகும் அரசு பஸ்ஸில் ஏறி, மால்ஷேஜ் கணவாயைத் தாண்டி கூபி பாட்டாவில் இறங்கினால், அணைக்கட்டை ஒட்டிச் சில கிலோமீட்டரில் கிரேஷ்வர் கிராமம். அங்கிருந்து தோலார் கிண்ட் என்ற கணவாய் வழியாக ஏற, புதியவருக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ராஜூர் பக்கமிருந்து பாச்னை கிராமம் வழியாக ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மேலே போய்விடலாம். சுமையோடு முதல்முறை போகிறவருக்கு என் பரிந்துரை பாச்னைதான். நளிச்சி வாட் என்று ஒரு வழியைப் பற்றி நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். கயிறும் பழக்கமும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

அதுவும் மிரட்சியாகத் தோன்றினால் ராஜ்மாச்சியில் தொடங்குங்கள். லோனாவளாவிலிருந்து நடை நீளம்தான், ஆனால் பெரும்பகுதி சமதளம். கோட்டையின் அடியில் உதேவாடி கிராமத்து வீடுகளில் படுக்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்கும் என்பதால் படுக்கைச் சுமையே இல்லை.

புதியவர்கள் இரவு தங்க நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறையெல்லாம் பாசி, பாதையெல்லாம் ஓடை. அந்த நாலு மாதம் பகலில் போய் வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடை நெருங்க நெருங்க மேலே தொட்டிகளில் தண்ணீர் இறங்கிவிடும்.

இந்தப் பகுதி கல்சுபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்ற விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அடிவாரத்தில் நுழைவுக் கட்டணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். நெருப்பு மூட்டுவதும் மதுவும் கூடவே கூடாது.

படுக்கை: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

மும்பையில் வளர்ந்த உடம்புக்குக் குளிர் தெரியாது. தாராவியிலும் செம்பூரிலும் ஜனவரி மாதத்தில்கூட மின்விசிறி சுற்றுகிற வீடுகளில் கம்பளி எங்கே இருக்கப் போகிறது? பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே 18 டிகிரி இருக்கிற இரவில் ஹரிச்சந்திரகட் உச்சியில் ஒன்பது பத்துதான் இருக்கும். அதோடு காற்றும் சேர்ந்துகொண்டால் பல் தந்தியடிக்கும்.

இதற்கு வீட்டில் இருக்கும் ஜமுக்காளத்தையும் இரண்டு போர்வையையும் சுருட்டிக் கட்டுகிறவர்கள் உண்டு. பாதிப் பையை அவையே அடைத்துக்கொள்ளும். பனி இறங்கினால் நனைந்து கனம் கூடும். ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள். அதன் சீட்டில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள். ஒன்று சுகமாகத் தூங்கக்கூடிய அளவு, மற்றொன்று தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை. கடைக்காரர் காட்டுவது இரண்டாவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை. அது ஐந்து டிகிரி அளவில் இருந்தால் சஹ்யாத்ரி குளிருக்குப் போதும். எடை ஒன்று, ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கும்.

வாடகைக்கு எடுப்பதானால் கடையிலேயே விரித்து, உள்ளே படுத்து, ஜிப்பைக் கழுத்துவரை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். தாணேயில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த பையின் ஜிப் முழங்காலோடு நின்றுவிட்டது. நல்லவேளை, கடை வாசலிலேயே தெரிந்தது.

ஸ்லீப்பிங் பேக்கைவிட முக்கியமானது அதன் கீழே விரிக்கிற ஃபோம் பாய். ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பு அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றால் வருவது. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, அந்தப் பக்கம் வெறும் துணியாகிவிடும். பாறை உங்கள் சூட்டை விடிய விடிய உறிஞ்சும். முந்நூறு கிராம்கூட இல்லாத அந்தப் பாய் இதைத் தடுக்கிறது. கனமில்லை, விலையும் அதிகமில்லை. ஆனாலும் புதியவர்கள் முதலில் விட்டுவிட்டு வருவது இதைத்தான்.

கூடாரம் தேவையில்லை. மேலே கிராமத்துக்காரர்கள் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களிடம் சொல்லி வைத்தால் போதும். கோட்டைமேல் இருக்கும் சிவன் கோயிலின் அருகே குகைகளும் இருக்கின்றன. கொங்கண் கடா என்கிற அந்தப் பெரும் செங்குத்துப் பாறையின் விளிம்பருகே மட்டும் படுக்கை போட வேண்டாம். இரவில் மூடுபனி கவிந்தால் பத்தடிக்கு அப்பால் தரை இருக்கிறதா, இல்லையா என்பதே தெரியாது.

துணி: ஒன்றின்மேல் ஒன்று

தடித்த ஸ்வெட்டர் ஒன்றை நம்புவதைவிட மெல்லிய துணிகள் மூன்றை அடுக்கிப் போடுவது நல்லது. உடம்பை ஒட்டி வியர்வை சீக்கிரம் காயும் செயற்கை இழை டீ ஷர்ட், அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜெர்கின். ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நின்றதும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, முழங்காலை மடக்க விடாது.

பருத்தி டீ ஷர்ட் ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துக்கொண்டு, மேலே போய் உட்கார்ந்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த துணியைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். முழுக்கால் சட்டை, முழுக்கை பனியன், தடித்த காலுறை. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது.

குரங்குக் குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் மட்டும் பெட்டியிலிருந்து இறங்குகிற, இளையவர்கள் கேலி செய்கிற அதே குல்லாய்தான். காது, கழுத்து, கன்னம் மூன்றையும் ஒரே பொருள் மூடுகிறது. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

கடையில் விற்கும் டிரெக்கிங் டவலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நம் வீட்டு ஈரிழைத் துண்டே லேசானது, காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஹரிச்சந்திரகட் கோட்டைமேல் இருக்கும் கேதாரேஷ்வர் குகையில் இடுப்பளவுத் தண்ணீருக்கு நடுவே பெரிய லிங்கம் இருக்கிறது. சுற்றி நின்ற நான்கு தூண்களில் இன்று ஒன்றுதான் மிச்சம். தண்ணீரில் இறங்கி லிங்கத்தைச் சுற்றி வர நம்மவர்களுக்குக் கால் துடிக்கும். அப்போது துண்டின் அருமை தெரியும். கைலி ஒன்றும் இருக்கட்டும்; மறைப்பு இல்லாத இடத்தில் உடை மாற்ற உதவும்.

தண்ணீரும் சாப்பாடும்

பையில் மிகக் கனமான பொருள் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்குங்கள், குறைக்க வேண்டாம். மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களாக இருந்தால் எடையைப் பையில் பிரித்து வைக்க வசதி. மேலே குளமும் தொட்டிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்காமலோ, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்காமலோ குடிக்கக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைப் பட்டை ஒன்று பையில் இருப்பதே தெரியாது. கூடவே எலெக்ட்ரால் பொட்டலம் இரண்டு. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுப்பு, பாத்திரம், நூடுல்ஸ் என்று கிளம்பாதீர்கள். மேலே சூடான பிட்லாவும் பாக்ரியும் கிடைக்கும். கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும் அந்தக் குளிரில் அமிர்தம். இரவுச் சாப்பாட்டை அவர்களிடம் விட்டுவிட்டு, வழிக்கும் மறுநாள் காலைக்கும் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

வழிச்சாப்பாடு கட்டுவதில் தமிழ் வீடுகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பொடி தடவிய இட்லிக்கு ஈடாக எந்த எனர்ஜி பாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டும் விதம் இருக்கிறது. இட்லி முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து, நீர் கோத்து, மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். ஆறியபின் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இரண்டு பக்கமும் ஓரம் உட்படத் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் நான்கு நான்காகப் பொட்டலம் போடுங்கள். இலை மாதுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும். பொட்டலம் டப்பாவைவிட லேசு. பிரித்தால் அதுவே தட்டு. தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் காலைக்குப் புளியோதரை. தயிர்சாதம் முதல் மதியத்துக்கு மட்டும். கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த கடலை.

இந்த இடத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தகராறு நடக்கும். “இன்னும் நாலு இட்லி வைக்கிறேன், கூட வருகிற பிள்ளைகளும் சாப்பிடட்டும்” என்பார் அம்மா. கூட வருகிற பிள்ளைகளின் அம்மாக்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழுவில் யார் எதைக் கட்டுவது என்று இரண்டு நாள் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே ஐம்பது இட்லி சேர்ந்துவிடும்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும். கையில் பாலிதீன் பை தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள்; சாப்பாடு முழுவதும் முதுகுப்பைக்குள், ஜிப் மூடி.

காலும் விளக்கும்

சஹ்யாத்ரி பாறைக்கு ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற ஷூ வேண்டும். விலை உயர்ந்த வெளிநாட்டு பூட்ஸ்தான் வேண்டுமென்றில்லை. ஆக்‌ஷன் கம்பெனியின் டிரெக்கிங் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் மராட்டிய மலையேறிகளில் பாதிப்பேர் கோட்டை கோட்டையாக ஏறியிருக்கிறார்கள். புது ஷூவை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் போட்டுப் பழக்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

விளக்கு என்றால் நெற்றியில் கட்டுகிற விளக்கு. செல்பேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும். தோலார் கிண்டுக்கு மேலே கம்பி பிடித்து ஏறுகிற பாறையில் இரண்டு கையும் வேண்டும். கூடுதலாக ஒரு செட் பேட்டரி. செல்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் சார்ஜ் கரைகிறது. மேலே செல்பேசிப் பணப்பரிமாற்றத்தை நம்ப முடியாது. பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

சிறு பொட்டலங்கள்

மருந்துப் பொட்டலத்தில் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், சுளுக்குக்கு கிரேப் பேண்டேஜ், கிருமிநாசினி, காய்ச்சல் மாத்திரை, கொசுவுக்கு ஓடோமாஸ், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஒரு நாளுக்கு அதிகமாக. சென்ட் பூசிக்கொள்ளாதீர்கள். கோட்டைப் பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு. வாசனையும் புகையும் சத்தமும் அவற்றைக் கிளப்பிவிடும். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுக் காலை நுழையுங்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

அதிகாலை மூன்று மணிப் பிரச்சினைக்கு வருவோம். செடிக்குக் குழி தோண்டும் சின்ன மண்வாரி ஒன்று, காகிதம், சோப்புத் துண்டு, இவற்றை ஒரே பையில் போட்டு, இருட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நீர்நிலையிலிருந்து எழுபது எண்பது அடி தள்ளினால் போதாது, இருநூறு அடியாவது தள்ளிப் போய், அரையடிக்குக் குறையாமல் தோண்டி மூடுங்கள். காகிதமும் சானிட்டரி நாப்கினும் உங்களோடு கீழே இறங்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு குப்பைப் பை.

அடுக்கும் விதம்

எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஓர் அறை வீடாக இருந்தால் கட்டில்மேல். பார்த்தவுடனே இரண்டு மூன்று பொருள் தேவையில்லை என்று தெரிந்துவிடும். தலையணை அவற்றில் முதலாவது. ஃப்ளீஸைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாற்பது முதல் ஐம்பது லிட்டர் பை போதும். இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். எடையைத் தாங்க வேண்டியது இடுப்பு, தோள் அல்ல. பழைய பையின் வாரோ ஜிப்போ போயிருந்தால் புதிது வாங்க ஓடாதீர்கள். தாராவியில் பை தைக்கும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, நல்ல நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பார்கள்.

பைக்குள் முதலில் பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரியுங்கள். வெளியே போர்த்தும் மழையுறை காற்றில் பறக்கும், முதுகுப் பக்கம் நனையும். உள்ளே இருக்கும் கவர் ஏமாற்றாது. அடியில் ஸ்லீப்பிங் பேக். அதன்மேல் இரவுத் துணி. கனமானவை, அதாவது தண்ணீரும் சாப்பாடும், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில். கனம் முதுகை விட்டு விலகினால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். கீழே போனால் இடுப்பை வதைக்கும். சுற்றிலும் உள்ள இடுக்குகளில் லேசான துணி. மேலே ஜெர்கினும் விளக்கும். பக்கப் பையில் ஒரு பாட்டில் மட்டும். ஃபோம் பாயை வெளியே கட்ட வேண்டியிருக்கும். மற்ற எதுவும் வெளியே தொங்கக் கூடாது.

இனி எடை. பையை மாட்டிக்கொண்டும் மாட்டாமலும் எடை மெஷினில் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. அறுபது கிலோ ஆளுக்கு ஒன்பது கிலோ. பை ஒன்றரை, படுக்கை ஒன்றரை, தண்ணீர் மூன்று, துணி ஒன்று, சாப்பாடு ஒன்று, மற்றவை முக்கால் கிலோ என்று கூட்டினால் எட்டேமுக்கால் வரும். இதைத் தாண்டினால் எடுக்க வேண்டியது தண்ணீரை அல்ல, இரண்டாவது பேண்ட்டை. எடை சரியானதும் அதே பையோடு உங்கள் கட்டடத்தின் மாடிப்படியை ஐந்தாறு முறை ஏறி இறங்குங்கள். எந்த வார் எங்கே அறுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் ஊருக்கா என்று கேட்பார்கள், பரவாயில்லை.

லோக்கலில் ஏறுவது

வெள்ளிக்கிழமை மாலை தாதரில் கல்யாண் வண்டிக்குள் இந்தப் பையோடு நுழைவதற்கு மலையேற்றமே மேல். முடிந்தால் சனிக்கிழமை விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள். முடியாவிட்டால் பையைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு ஏறி, உடனே மேல் பலகையில் போட்டுவிடுங்கள். முதுகில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றால் வார்த்தைகள் வந்து விழும். அதில் நியாயமும் இருக்கிறது. எந்த வழியில் ஏறுகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த பின்

ஞாயிறு இரவு வந்ததும் பையை மூலையில் போட்டுவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். மும்பைக் காற்றின் ஈரத்தில் மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கும். குறைந்தபட்சம் ஸ்லீப்பிங் பேக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் போட்டு, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டுப் படுங்கள். சொந்த ஸ்லீப்பிங் பேக்காக இருந்தால் அதன் சின்ன உறைக்குள் அழுத்தி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பஞ்சு செத்துவிடும். பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வாடகைக்கு எடுத்ததென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்து, கடைக்காரர் முன்னாலேயே ஜிப்பை இழுத்துக் காட்டிவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.